முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

எனக்குச் சத்தம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சமையலறையில் குழாய் சொட்டினால்கூட எழுந்து போய் இறுக்கி மூடிவிட்டு வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ராக் இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும்தான். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

உங்கள் மேசையில் எங்கள் ஆல்பம் இருக்கிறது, பார்த்தேன். சந்தோஷம். ஆனால் மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளைக்கூட நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை. ஒரு ஆல்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவனை விசாரிக்கிறவர் அதை ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். கேட்டிருந்தால் இவ்வளவு சுற்றி வளைத்துக் கேள்வி கேட்கவேண்டிய தேவையே இருந்திருக்காது. போகட்டும். முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள், அது போதும்.

நாங்கள் நான்கு பேர். பாடுகிறவன் கொக்கு. ஆள் நெட்டை, ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பாடுவான், அதனால் அந்தப் பெயர். கிதாரும் அவனே வாசிப்பான். டிரம்ஸ் வாசிக்கிறவன் பீப்பாய். அவனைப் பார்த்திருக்கிறீர்கள், விளக்கம் வேண்டாம். பேஸ் கிதார்க்காரன் சாமியார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதில் மூன்று ‘சரி’யாக இருக்கும். நான் ரிப்பேர். பகலில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. குழுவில் எது கெட்டாலும், “ரிப்பேரைக் கூப்பிடு” என்பார்கள். ஒன்றும் கெடாத நாட்களில் யாரும் கூப்பிட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

கொக்கு என் தங்கையின் கணவன். அப்பா அம்மா போன பிறகு தங்கைக்கு எல்லாமே நான்தான். இவனை வீட்டுக்கு அழைத்து வந்ததும் நான்தான். ஒத்திகைக்கு வந்தவன் தண்ணீர் கேட்டான், அவள் கொண்டுவந்து கொடுத்தாள், அப்புறம் அவனுக்கு அடிக்கடி தாகம் எடுக்க ஆரம்பித்தது. கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவன் நான். நல்ல பையன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் இசையை நியூ வேவ் என்பார்கள். ராக் இசை குளித்துத் தலைவாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால் எப்படி இருக்கும், அதுதான் நியூ வேவ். கிதார் சுருக்கமாகப் பேசும். டிரம்ஸ் கடிகாரம் மாதிரி அடிக்கும். நடுவில் கீபோர்டு ஒரு சின்ன மெட்டை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அலறுவதெல்லாம் கிடையாது. என் மாதிரி ஆளுக்கு ராக்கில் ஒரு இடம் இருக்கிறது என்றால் அது இங்கே மட்டும்தான்.

கடைசிப் பாட்டின் மெட்டு என்னுடையது. நான்கே நான்கு ஸ்வரம். கடையில் எந்த ஸ்பீக்கரைச் சரிசெய்தாலும் அந்த நான்கு ஸ்வரத்தை வாசித்துத்தான் சோதித்துப் பார்ப்பேன். பல வருஷப் பழக்கம். பழுதுபார்க்கக் கொடுத்ததை வாங்கிப் போக வந்தவர்கள் அதை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்குவார்கள். கொக்கு ஒரு நாள் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தபோது அதைக் கேட்டுவிட்டு, அங்கேயே வார்த்தை போட்டுப் பாடினான். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிற ஒருவன் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவதைப் பற்றிய பாட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த ஒரு பாட்டுக்காகத்தான் மற்ற பாட்டெல்லாம் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

முதல் ஆல்பத்துக்கு ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. பதிவு செய்த இடம் ஒரு மெத்தைக் கடையின் கீழே இருந்த நிலவறை. கடைக்காரரின் தம்பிதான் ஸ்டுடியோக்காரர். விற்காத மெத்தைகளை நான்கு சுவரிலும் நிறுத்திவைத்துக் கட்டியிருந்தார். வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. எங்களுக்கு முன்னால் அங்கே பாட வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள் என்று பீப்பாய் சொல்வான். எனக்கு அந்த அறை முதல் நாளே பிடித்துப்போயிற்று. நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் பாடுகிறவர்கள், இந்தப் பக்கம் பதிவு செய்கிறவர்கள்.

ஒலிப்பதிவில் ஒரு கட்டுப்பாடு உண்டு, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டு முடிந்ததும் யாரும் அசையக்கூடாது. கடைசியாக மீட்டிய தந்தியின் நாதம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும்வரை டேப் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஒருவன் இருமினாலோ நாற்காலியை இழுத்தாலோ அவ்வளவுதான், பழையபடி முதலிலிருந்து. எங்கள் ஆட்களுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அதனால் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பாட்டு முடிகிற நேரத்தில் என் வலது கை மேலே போகும். கை மேலே இருக்கும்வரை மூச்சுகூட விடமாட்டார்கள். நாதம் முழுக்க அடங்கியதும் கையை இறக்குவேன். ஒரு தடவை பீப்பாய்க்குத் தும்மல் வந்து, அதை அடக்கப் போய்க் கண்ணெல்லாம் பிதுங்கி, என் கை இறங்கியதும் எல்லாத் தும்மலையும் வரிசையாகப் போட்டுத் தீர்த்தான். யார் பேச்சையும் கேட்காத கொக்குகூட அந்தக் கைக்குக் கட்டுப்படுவான். அந்தக் குழுவில் எனக்கு இருந்த அதிகாரம் அது ஒன்றுதான்.

பீப்பாயின் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் அவன் சொல்லியிருப்பான். அவனுடைய அடி சுத்தமாக இல்லை. ஒரு அடி முந்தும், ஒரு அடி பிந்தும். மேடையில் அது தெரியாது, டேப்பில் அப்பட்டமாகத் தெரியும். தாளத்தைத் தானே அடிக்கும் ரிதம் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான்தான் சொன்னேன். பீப்பாய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

“ஆல்பம்னா கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்டா. நாளைக்குக் கேக்கறவன் பீப்பாய் எங்கேன்னா கேக்கப் போறான்? பாட்டு நல்லா இருக்கான்னுதான் பார்ப்பான்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஸ்டுடியோவுக்கு வந்து டீ வாங்கிக் கொடுப்பான், பெட்டி தூக்குவான், ரிதம் மெஷினின் பொத்தானைக்கூட அவன்தான் அமுக்குவான். பெருந்தன்மை என்றால் அதுதான். நான் அதை அவனிடம் சொல்லவும் சொன்னேன்.

இப்போது ஹம். எல்லாக் கருவிகளையும் இணைத்துச் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் ஒரு முனகல் வந்தது. பாட்டிலுக்குள் ஈ மாட்டிக்கொண்டது மாதிரி. பாட்டு உரக்கப் போகும்போது தெரியாது. ஆனால் மெல்லிய இடங்களில், அதுவும் கடைசிப் பாட்டில், அது மட்டும்தான் கேட்கும். ஸ்டுடியோக்காரர் கட்டடத்தின் ஒயரிங்கைத் திட்டினார். மேலே அண்ணன் கடையில் ஓடும் மின்விசிறியைத் திட்டினார். அண்ணனையும் கொஞ்சம் திட்டினார். கொக்கு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இப்படியே போனால் கம்பெனி நம்மைக் கைகழுவிவிடும் என்றான். அப்புறம் வழக்கம்போல யாரோ சொன்னார்கள், ரிப்பேரைக் கூப்பிடு என்று.

நான் கொக்குவின் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பார்த்தேன். கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் பழைய பெட்டி. அதன் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றினேன். எர்த் என்பது, பெட்டிக்குள் கோளாறு வந்து கரண்ட் கசிந்தால் அது மனிதன் மேல் பாயாமல் தரைக்குப் போக ஒரு வழி. அதைக் கழற்றினால் சில நேரம் ஹம் அடங்கிவிடும். அவசரத்துக்கு மேடைக்காரர்கள் செய்கிற வேலை. செய்யக்கூடாத வேலை என்றும் எல்லோருக்கும் தெரியும். நான் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

முனகல் நின்றது. அப்படி ஒரு நிசப்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கை தட்டினார்கள். சாமியார்கூடத் தட்டினான். கொக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

“மச்சான், நீ இல்லன்னா இந்த ஆல்பமே இல்ல மச்சான்.”

அந்த வார்த்தையைப் பிறகு பல தடவை நான் தனியாக இருக்கும்போது நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் எனக்கு அப்படி எதுவும் சொன்னதில்லை.

ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் இருந்தது. கிதாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்தால் உதட்டில் சுருக்கென்று கடித்தது. கொக்கு அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். “உன் தங்கச்சிகூட இப்படி முத்தம் குடுத்ததில்ல மச்சான்” என்றான். மச்சானிடம் பேசுகிற பேச்சா இது. ஆனால் அவன் அப்படித்தான். நான் மைக்குக்கு ஒரு தடித்த ஸ்பாஞ்சு உறை மாட்டினேன். அவன் காலடியில் கம்பளம் விரித்தேன். ரப்பர் அடி வைத்த ஷூ இல்லாமல் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவைத்தேன். அவன் மறந்தால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவனை நான் எவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பாட்டெல்லாம் முடிந்தது. கம்பெனி மேடம் கேட்க வந்தார். நல்ல ரசிகை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் தலையாட்டினார். கடைசிப் பாட்டு வந்தபோது கண்ணைத் திறந்தார்.

“குரல் அருமையா இருக்கு. போர்வைக்குள்ளேருந்து பாடற மாதிரி கொஞ்சம் மந்தமா இருக்கு, அதைச் சரி பண்ணிடலாம். ஆனா அந்தக் கீபோர்டுதான் நச்சரிக்குது. யாரோ வாசல்ல நின்னு மணியை அமுக்கிட்டே இருக்கற மாதிரி.”

நான் அப்போது தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னை எலெக்ட்ரீஷியன் என்று நினைத்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்து, “நீங்களே சொல்லுங்க, நச்சரிக்குதா இல்லையா?” என்றும் கேட்டார். கொஞ்சம் நச்சரிக்கிறது என்று சொன்னேன். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. கொக்கு ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஜன்னலைத் தேடுகிறவன் மாதிரி வேறெங்கோ பார்த்தான். அவர் மணி என்று சொன்ன அந்த நான்கு ஸ்வரமும் என்னுடையது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வாரமே தங்கை வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒன்றும் கெடாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று சந்தோஷமாகப் போனேன். சாப்பாடு பாதியில் இருக்கும்போது கொக்கு தொண்டையைக் கனைத்தான்.

“மச்சான், கடைசிப் பாட்டுல கீபோர்டு வேணாம்னு நெனைக்கறேன். குரலும் கிதாரும் மட்டும். வெறுமையா இருந்தா இன்னும் உறைக்கும்.”

“மெட்டு?”

“மெட்டு எங்க போகுது? நான் கிதார்லயே வாசிச்சுடறேன். மறுபடி மொத்தமாப் பாடி எடுத்துடலாம்னு மேடம் சொல்றாங்க.”

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

“அண்ணா, பாட்டு நல்லா வந்தாப் போதும்தானே? யார் வாசிச்சா என்ன?”

“நீ சொல்றது சரிதாம்மா” என்றேன். உண்மையிலேயே சரிதான். அதைத்தான் நானும் பீப்பாயிடம் சொல்லியிருந்தேன். தட்டைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டேன். ருசி மட்டும் தெரியவில்லை. கைகழுவும்போது கொக்கு பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

“ஆனா நீ ஸ்டுடியோவுக்கு வந்துடணும் மச்சான். ஹம் வந்துச்சுன்னா உன்னை விட்டா எங்களுக்கு யார் இருக்கா?”

கட்டாயம் வருகிறேன் என்றேன்.

பீப்பாய் கேள்விப்பட்டு என் கடைக்கே வந்துவிட்டான். குத்திக்காட்ட வருகிறான் என்று நினைத்தேன். அவன் என் தோளில் கை போட்டான். “விடு ரிப்பேர். ஆல்பம்னா கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்” என்றான். நான் சொன்ன அதே வார்த்தை, கேலி துளிகூட இல்லாமல். அதுதான் என்னை என்னமோ செய்தது. அவன் போன பிறகு அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. குழாய் ஒன்றும் சொட்டவில்லை.

மறுபடி பாடி எடுக்கிற நாளன்று மதியம் நான் எல்லோருக்கும் முன்னால் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டேன். அறையைத் தயார்செய்வது என் வேலை. கம்பளத்தில் தூசி, கொக்குவுக்கோ தூசி பட்டால் இருமல் வரும். அதனால் கம்பளத்தைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்தேன். ஸ்டுடியோக்காரர் அதைப் பார்த்து, “உங்க மாதிரி பொறுப்பா யாரு இருக்கா?” என்றார். குரல் மந்தமாக இருக்கிறது என்று மேடம் சொல்லியிருந்தார் இல்லையா, அது அந்த ஸ்பாஞ்சு உறையால்தான். அதைக் கழற்றினேன். அன்றைக்கும் வந்திருந்த மேடமே அதைக் கேட்டுவிட்டு, இப்போதுதான் குரல் பளிச்சென்று இருக்கிறது என்றார். கம்பளம் இல்லாத தரையில் கொக்குவின் ஷூ கிறீச்சிட்டது. மைக் அதையும் பிடித்தது. ஷூவைக் கழற்றிவிடச் சொன்னேன்.

“ரிப்பேர் சொன்னா அப்பீல் ஏது” என்று சொல்லிக் கழற்றி வைத்தான். அப்புறம் மைக்கைப் பார்த்தான். “கடிக்காதுல்ல மச்சான்?”

“இன்னிக்குக் கடிக்காது மாப்பிள்ளை. பாத்துட்டேன்.”

இதை மட்டும் நீங்கள் பொய் என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்தது என்னவோ நிஜம். அந்தப் பழைய பெட்டியில் கசிவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. அளக்கிற கருவி என்னிடம் உண்டு. அவர்கள் வருவதற்கு முன்பே அளந்தேன், முள் எங்கே போய் நின்றது என்று பார்த்தேன், மூடியைத் திரும்பப் பொருத்தித் திருகு போட்டேன். பாடப் போகிறவனிடம் அதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்துவது தொழில் தர்மமில்லை.

அவன் அன்றைக்குப் பாடியது மாதிரி எப்போதும் பாடியதில்லை. இதை மனதாரச் சொல்கிறேன். என் நான்கு ஸ்வரத்தைக் கிதாரில் மெல்ல, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். நான் வாசித்ததைவிட நன்றாக இருந்தது. மைக்கிலிருந்து கொஞ்சம் விலகி நின்றுதான் பாட்டு முழுக்கப் பாடுவான். கடைசி வரிக்கு மட்டும் கிட்டே வந்து, மைக்கை ஒரு கையால் பற்றிக்கொண்டு, உதட்டை ஒட்டிவைத்து முணுமுணுப்பான். பிறகு மெதுவாக மண்டியிடுவான். ஒவ்வொரு மேடையிலும் அப்படித்தான். அந்தப் பாட்டை நேரில் கேட்ட எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

கடைசி வரிக்குக் கிட்டே வந்தான். மைக்கைப் பற்றினான். மண்டியிட்டான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக மண்டியிட்டான். மைக் கையிலேயே இருந்தது. குரல் வரவில்லை. கிதாரின் தந்தி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் இருந்தோம். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியை நான் முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தேன். ஸ்டுடியோக்காரர் பாதி எழுந்தார். என் கை மேலே போனது. அவர் உட்கார்ந்துவிட்டார். பீப்பாய் கொக்குவைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். அசையவில்லை. சாமியார் வாயைத் திறந்து மூடிக்கொண்டான். நல்ல கிதார் அது, நாதம் தேய ரொம்ப நேரம் எடுத்தது. நான் அவசரப்படவில்லை. முழுக்க அடங்கிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் கையை இறக்கினேன். இறக்கிய கையோடு சுவிட்சையும் அணைத்தேன். உள்ளே முதலில் ஓடியதும் நான்தான்.

கம்பெனி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்ன ஒரு முடிவு” என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

எல்லோரும் விபத்து என்றார்கள். நான் எதுவும் சொல்லித்தரவில்லை. எர்த் ஒயர் கழற்றியது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கை தட்டியிருந்தார்கள். ஸ்பாஞ்சை எடுத்தது மேடத்துக்காக. தரையைத் துடைத்ததற்கு ஸ்டுடியோக்காரர் பாராட்டியிருந்தார். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததற்காக ஒவ்வொருவரும் தங்களையே நொந்துகொண்டார்கள். குற்றவுணர்ச்சியை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டதால் என் பங்குக்கு வந்தது கொஞ்சம்தான். ஸ்டுடியோக்காரர் அந்த அறையையே பூட்டிவிட்டார். சுவரில் இருந்த மெத்தைகளை அண்ணன் மேலே கொண்டுபோய்விட்டார். தங்கை என் தோளில் சாய்ந்துகொண்டுதான் அழுதாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

புதிதாகப் பாடியது கடைசி வரி இல்லாமல் நின்றுவிட்டதால் அதை ஆல்பத்தில் போட முடியாது. பழைய பதிவைத்தான் போட்டார்கள், கீபோர்டோடு. பாடியவன் உயிரோடு இல்லை என்றதும் ஆல்பத்தை ஆளாளுக்கு வாங்கினார்கள். வரப்போகும் துக்கத்தை அறிவிக்கும் மணியோசை மாதிரி அந்தக் கீபோர்டு ஒலிக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதே மணிதான் பாருங்கள். மேடம் அதைப் படித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்து வாழ்த்தினார்.

பிறகு அஞ்சலி நிகழ்ச்சி வந்தது. புது அரங்கம், புது ஒயரிங், வேறு கிதார்க்காரன், வேறு ஆம்ப்ளிஃபயர். பீப்பாய் மறுபடி டிரம்ஸ் வாசித்தான். எல்லாவற்றையும் இணைத்துச் சுவிட்சைப் போட்டதும் அதே முனகல். ரிப்பேரைக் கூப்பிடு என்றார்கள். நான் அந்தப் பெட்டியின் பிளக்கை நோக்கிப் போனேன்.

“எர்த்ல கை வெக்காதே” என்றான் பீப்பாய்.

அவன் ஒவ்வொரு கருவியாகப் பிடுங்கிப் பார்த்தான். என் கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கியதும் முனகல் நின்றது. மாட்டினான், வந்தது. மறுபடி பிடுங்கினான், நின்றது. பிளக்கை என் கையில் கொடுத்துவிட்டு டிரம்ஸுக்குப் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் டிரம்ஸ் ஒரு அடிகூட முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

ஆமாம், ஹம் என் கீபோர்டுடையது. நானே பல சாமான்களைச் சேர்த்துக் கட்டிய கருவி. இன்னொரு பெட்டியோடு இணைத்தால் முனகும். முதல் நாளே எனக்குத் தெரியும். என் தொழில் அது, தெரியாமல் இருக்குமா? கீபோர்டை வெளியே வைத்திருந்தால் எந்த ஒயரையும் கழற்றியிருக்க வேண்டாம். ஆனால் ஒரு கீபோர்டை வெளியே வைப்பதா, ஒரு ஒயரைக் கழற்றுவதா, நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை கடைக்கு வந்தாள். பீப்பாய் சொல்லியிருக்க வேண்டும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணா, அவர் போன அன்னிக்கு உன் கீபோர்டு அங்க இருந்துச்சா?”

“இல்லம்மா. அது வீட்லதான் இருந்துச்சு.”

“அப்போ அந்த ஒயரை ஏன் திரும்ப மாட்டல?”

கையில் அப்போதுதான் சரிசெய்து முடித்த ஒரு ஸ்பீக்கர் இருந்தது. பழக்கதோஷம், அதை இணைத்து அந்த நான்கு ஸ்வரத்தை வாசித்துப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை. அன்று சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கொக்குவைக் கொன்றது நான்தான். கம்பளத்தை எடுத்தது, ஷூவைக் கழற்றச் சொன்னது, கடிக்காது என்று சொன்னது, கையை இறக்காமல் வைத்திருந்தது, எல்லாம் தெரிந்தேதான். அந்தப் பாட்டு கெட்டுவிடக்கூடாது என்று செய்தேன். ஆல்பத்தைப் பிரித்துக் கடைசிப் பாட்டை ஒரு தடவை கேளுங்கள், புரியும்.

நீங்களும் என் தங்கை மாதிரி அந்த ஒயரிலேயே நிற்கிறீர்கள். சரி. கீபோர்டு அங்கே இல்லாததால் ஒயரை மாட்டியிருந்தாலும் ஹம் வந்திருக்காது, உண்மைதான். அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான், அதுவும் உண்மைதான். ஆனால் நீங்களே சொல்லுங்கள். ஒயரை மாட்டிவிட்டேன், இனிமேல் ஹம் வராது என்று நான் சொல்லியிருந்தால், அன்றைக்கு என்னை எதற்குக் கூப்பிட்டிருப்பார்கள்?